அந்த டிக்கை எடுத்தவள் நான்தான்

புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. பிரிவு என்று பெயர்தான் பெரிது, அதில் இருந்தது நான் ஒருத்திதான். மாடிப்படிக்குக் கீழே ஒரு சிறிய அறை. சர்வர், அதற்கென்று ஓர் ஏ.சி., ஒரு மேசை, ஓயாமல் அடிக்கும் ஒரு போன். தினமும் காலையில் கீரனூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். எங்கள் ஊரில் வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் திருச்சி பஸ்ஸுக்கு நிற்பார்கள். நான் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் நிற்பேன்.

மருத்துவமனைக்குக் கந்தர்வக்கோட்டையிலும் பொன்னமராவதியிலும் சிறு கிளைகள் இருந்தன. நான் சேர்ந்த புதிதில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனிக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. வார்டு கம்ப்யூட்டருக்கு 'வார்டு' என்றே பெயர். மருத்துவமனையின் பெயரோடு ஒன்று, இரண்டு, மூன்று சேர்த்தால் அதுதான் பாஸ்வேர்டு. அதையும் துண்டுக் காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருப்பார்கள். நோயாளியின் கோப்பில் யார் எதை எழுதினார்கள், யார் எதை மாற்றினார்கள் என்று கேட்டால் 'வார்டு' என்றுதான் பதில் வரும்.

அதை மாற்றத்தான் மூன்று இடங்களையும் ஒரே வலையில் கோத்தோம். ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. எந்த ஊரில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அதே பெயரில் உள்ளே போகலாம். எழுதுவது, திருத்துவது, அழிப்பது எல்லாம் அவரவர் பெயரில் பதிவாகும். இனிமேல் யாரும் யார் மேலும் பழி போட முடியாது என்று கூட்டத்தில் நான்தான் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நூற்றுச் சொச்சம் பேருக்கும் முதல் பாஸ்வேர்டை நானே உருவாக்கினேன். அவரவர் ஊழியர் எண், அதன் பின்னால் எல்லோருக்கும் பொதுவான ஒரு சொல். ஊழியர் எண் கழுத்தில் தொங்கும் அட்டையிலேயே இருக்கும். ஆனாலும் பரவாயில்லை. முதல்முறை உள்ளே போகும்போதே அதை மாற்றியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்த ஒரு சின்னக் கட்டம் உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் அந்தக் கட்டத்தில் டிக் போட்டால், புதிய பாஸ்வேர்டு கொடுக்காமல் திரை நகரவே நகராது. எல்லாருக்கும் டிக் போட்டேன்.

மாற்றிய நாள் ஒரு திங்கட்கிழமை. காலை ஒன்பது மணியிலிருந்தே போன் ஓயவில்லை. ஒருவர் பழையதையே புதியதாகப் போடுகிறார், இன்னொருவருக்கு கேப்ஸ் லாக் அணையவில்லை. பத்தரை மணிக்குக் கந்தர்வக்கோட்டையிலிருந்து மூத்த சிஸ்டர் கூப்பிட்டார். ஐம்பது வயதைத் தாண்டியவர். அந்தக் கிளை தொடங்கிய நாளிலிருந்து அங்கேயே இருக்கிறவர். நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"ஏம்மா, இங்க உள்ளயே விட மாட்டேங்குது. புதுசு போடுங்குது. போட்டா பத்தாதுங்குது. பெரிய எழுத்து வேணுமாம், நம்பர் வேணுமாம், இன்னும் என்னென்னமோ கேக்குது. வெளிய அத்தனை பேரு ஒக்காந்திருக்காங்க. ஒருத்தருக்குக் காய்ச்சல் கொதிக்குது. நான் அவரப் பாக்கவா, இதப் பாக்கவா?"

அன்றைக்கு அந்தக் கிளையின் நெட் இணைப்பும் மெதுவாக இருந்தது. ஒவ்வொரு முயற்சிக்கும் திரை அரை நிமிடம் சுற்றியது. இன்னொரு காதில் பொன்னமராவதிக்காரர்கள். கந்தர்வக்கோட்டையில் ஒன்பது பேர். ஒன்பது பேருடைய டிக்கையும் எடுத்துவிட்டேன்.

"அக்கா, இப்பப் போங்க. நான் குடுத்ததே வேல செய்யும். சாயங்காலம் மறுபடி மாத்திக்கலாம்."

"ஆங், போயிருச்சு. நீ நல்லா இருப்ப" என்று போனை வைத்தார்.

சாயங்காலம் பொன்னமராவதியில் பிரிண்டர் நின்றுபோனது. அதைச் சரிசெய்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். மறுநாள் வேறு ஒன்று. மூன்றாம் நாள் பஸ்ஸில் நார்த்தாமலையைத் தாண்டும்போது அந்த ஒன்பது பெயர்கள் நினைவுக்கு வந்தன. ஆபீஸுக்குப் போனதும் போட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன், போனதும் மறந்தேன். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை நினைவு வந்தது. மறுபடி டிக் போட்டால் மறுபடி போன் அடிக்கும். இப்போது நன்றாகத்தானே போகிறது என்று விட்டுவிட்டேன். முதல்முறை விட்டது மறதி. அப்புறம் விட்டதற்கு மறதி என்று பெயர் சொல்ல முடியாது.

சில மாதங்கள் போயின.

கந்தர்வக்கோட்டைப் பக்கத்தில் முந்திரித் தோப்பு வைத்திருந்த ஒரு விவசாயி, காலில் ஆறாத புண்ணோடு அங்கிருந்து எங்கள் புதுக்கோட்டை மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை வார்டு நர்ஸ் அவருக்கு ஊசி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கூட இருந்த மகள், என்ன ஊசி என்று கேட்டிருக்கிறாள். நர்ஸ் பெயரைச் சொன்னதும் அந்தப் பெண் எழுந்து அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"ஐயையோ, எங்கப்பாவுக்கு அது ஆகாதுங்க. முன்னாடி போட்டு மூச்சே நின்னுபோச்சு. கந்தர்வக்கோட்டையில அந்த சிஸ்டரம்மா எழுதி வச்சாங்களே, நான் பக்கத்துல நின்னு பாத்தேன்!"

ஆகாத மருந்து இருந்தால் கோப்பைத் திறந்ததும் மேலே சிவப்பு வரி ஒன்று வர வேண்டும். வரவில்லை. நர்ஸ் அதைப் பார்த்துத்தான் ஊசியை எடுத்திருந்தார். அவர் மேல் தப்பில்லை. அந்தப் பெண் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று முழுவதும் வார்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மேனேஜர் என் அறைக்கே வந்தார். எப்போதும் போனில்தான் கூப்பிடுவார்.

"மேடம், அந்த வரிய யாரு அழிச்சதுன்னு எடுக்க முடியுமா?"

"அஞ்சு நிமிஷம் சார்."

அஞ்சு நிமிடம்கூட ஆகவில்லை. முந்தைய நாள் வியாழக்கிழமை, பகல் பதினொன்று நாற்பதுக்கு அந்த வரி அழிக்கப்பட்டிருந்தது. அழித்தவர் என்ற இடத்தில் கந்தர்வக்கோட்டை அக்காவின் பெயர். கேட்ட கேள்விக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் எடுத்துக் கொடுத்தோம் என்று எனக்கு ஒரு பெருமைகூட வந்தது. மற்ற எதையும் பார்க்காமல் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மேனேஜரின் முகம் இறுகியது. அங்கேயே நின்றபடி கந்தர்வக்கோட்டைக்குப் போன் போட்டார்.

"சிஸ்டர், விசாரணை முடியிற வரைக்கும் நீங்க வீட்ல இருங்க."

அரை மணி நேரத்தில் என் போன் அடித்தது.

"ஏம்மா, நான் அழிச்சேன்னு சிஸ்டம் சொல்லுதாம்ல? எழுதுனவளே நான். நானே எதுக்கு அழிக்கப்போறேன்?"

"தெரியலக்கா. பாத்துச் சொல்றேன்."

"நல்லாப் பாரும்மா. ஒனக்குத்தான் அது வெளங்கும்."

சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. நல்லாப் பார்த்தேன். அழிக்கப்பட்டது கந்தர்வக்கோட்டைக் கம்ப்யூட்டரில் இல்லை. புதுக்கோட்டையில், எனக்கு நேர் மேலே, டூட்டி டாக்டர் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில். அக்கா அன்றைக்குக் காலையில் கந்தர்வக்கோட்டையில் விரல் வைத்து வருகையைப் பதிந்திருந்தார். பதினொன்று முப்பதுக்கு அதே டாக்டர் அறைக் கம்ப்யூட்டரில் இளம் டூட்டி டாக்டரின் பெயர் பூட்டிக்கொண்டிருந்தது. ஐந்து தடவை தப்பாகப் போட்டால் தானாகப் பூட்டிக்கொள்ளும். முப்பத்தெட்டுக்கு அக்காவின் பெயரில் யாரோ உள்ளே போயிருக்கிறார்கள். ஒரே தடவையில், தப்பே இல்லாமல்.

எப்படி என்று யோசிக்க வேண்டிய தேவையே எனக்கு இல்லை. அக்காவின் கணக்கைத் திறந்தேன். பாஸ்வேர்டு கடைசியாக மாற்றப்பட்டது நான் உருவாக்கிய நாள். ஊழியர் எண்ணோடு அந்தப் பொதுச் சொல். அவர் எழுதும் ஒவ்வொரு குறிப்பின் கீழும் அந்த எண் அச்சாகும். பொதுச் சொல் எதுவென்று, முதல் பாஸ்வேர்டாக அதையே வாங்கிய எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. கட்டாய மாற்றம் நீக்கப்பட்டது. நீக்கியவர் என்ற இடத்தில் என் பெயர்.

அந்த வரியைப் படிக்கத் தெரிந்தவள் அந்த மருத்துவமனையிலேயே நான் ஒருத்திதான். அழிக்க முடிந்தவளும் நான்தான். மவுஸின் மேல் கை இருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அழிக்கவில்லை. ஆனால் மேனேஜரிடம் போய்ச் சொல்லவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

சனிக்கிழமை காலை செய்த முதல் வேலை, அந்த ஒன்பது பேருக்கும் டிக்கைப் போட்டது. ஏன் செய்தேன் என்று இப்போது கேட்டால், இனிமேல் யாரும் அப்படி நுழையக்கூடாது என்பதற்காக என்று சொல்லலாம். அது பாதி உண்மைதான். யாராவது எட்டிப்பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரிய வேண்டும் என்பதும் இருந்தது. போட்ட மறு நிமிடம் பதிவைப் பார்த்தேன். நான் இப்போது போட்டதும், மணியோடு, என் பெயரோடு, பழைய வரிக்குக் கீழே பதிவாகியிருந்தது. மறைக்கப் போய் இன்னொரு தடயத்தை உண்டாக்கிவிட்டேன். எழுந்து அறைக்குள்ளேயே நடந்தேன். நாலு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும் அறை அது.

மதியம் அக்கா கூப்பிட்டார்.

"பாத்தியாம்மா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன்க்கா."

"காய் வாங்கப் போனேன். பூக்காரம்மா கேக்குது, என்ன சிஸ்டர் இன்னைக்கு டூட்டிக்குப் போகலையான்னு. தலவலின்னு சொன்னேன். நாளைக்குக் கேட்டா என்ன சொல்ல?"

அப்போது சொல்லியிருக்கலாம். 'நீங்க இல்லக்கா, எனக்குத் தெரியும்' என்று நாலே வார்த்தை. "திங்கக்கெழம சரியாயிரும்க்கா" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை சோறு பொங்கினேன், துணி துவைத்தேன், துவைத்ததை மறுபடி அலசினேன். என் கணவர் கீரனூரில் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். ஞாயிறு அரை நாள்தான் கடை. சாப்பிட உட்கார்ந்தவர் என்னையே பார்த்தார்.

"என்ன, ரெண்டு நாளா ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குற?"

சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "அந்த டாக்டர் பேர மட்டும் சொன்னாப் போதும்ல? நீயா போய் ஏன் தலையக் குடுக்குற?" என்றார்.

"அவருக்கு எப்படிப் பாஸ்வேர்டு தெரியும்னு கேப்பாங்க."

"அந்தம்மா சொல்லிருக்கும்னு நெனச்சுக்குவாங்க."

"அதாங்க. அப்படித்தான் நெனப்பாங்க."

அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே, "அப்பச் சொல்லிரு. இப்படியே இருந்தா ஒடம்புக்கு ஆகாது" என்றார்.

திங்கட்கிழமை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்தேன். என் பெயர் உள்ள இரண்டு வரிகளும் அதில் இருந்தன. மேனேஜர் காகிதத்தை விரலால் தடவிக்கொண்டே படித்தார். டாக்டர் அறைக் கம்ப்யூட்டர் என்ற இடத்தில் நின்றார்.

"அப்ப சிஸ்டர் இல்லையா?"

"இல்ல சார்."

"சரி. ஆனா அவருக்கு இவங்க பாஸ்வேர்டு எப்படித் தெரியும்? இவங்க சொல்லாமத் தெரியுமா? அதுவும் தப்புதானே?"

"அவங்க சொல்லல சார். நான் முதல்ல குடுத்ததுதான் இவ்வளவு நாளும் இருந்திருக்கு. மாத்தச் சொல்லிக் கேக்கிற டிக்க நான் எடுத்துட்டேன். திரும்பப் போடல. இதுல இருக்கு பாருங்க, என் பேர்ல."

அவர் அந்த வரியைப் பார்த்தார். பிறகு கீழே இருந்த சனிக்கிழமை வரியைப் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்."

"மூணு நாளா அவங்கள நான் வீட்ல ஒக்கார வச்சிருக்கேன் மேடம்."

டூட்டி டாக்டரைக் கூப்பிட்டார். வெள்ளி முதல் ஞாயிறு வரை விடுப்பில் இருந்தவர், அன்று காலைதான் வேலைக்கு வந்திருந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. காகிதத்தைக் காட்டியதும் நின்றுகொண்டிருந்தவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள், இரண்டு பேரும் கந்தர்வக்கோட்டைப் பக்கம். அவர் முன்னால் இருந்த ஆளுக்கு எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை. அந்த ஆளுடைய கோப்பு என்று நினைத்து, தவறாக ஏறிய வரி என்று அதை எடுத்திருக்கிறார். எடுத்தது இந்த விவசாயியின் கோப்பிலிருந்து.

"வரியப் பாத்துட்டு மறுபடி உள்ள போறப்ப என் பேரு பூட்டிக்கிச்சு. மேடமுக்கு ரெண்டு தடவ போன் பண்ணேன், எடுக்கல. வெளிய கூட்டம். சிஸ்டர் எழுதுனதுதானே, அவங்க பேர்லயே திருத்திரலாம்னு... அவங்க நம்பரையும் முதல்ல குடுத்த அந்தச் சொல்லையும் அடிச்சுப் பாத்தேன், தொறந்துருச்சு."

வியாழக்கிழமை அந்த நேரத்தில் நான் எக்ஸ்ரே அறையில் தரையில் உட்கார்ந்து கேபிள் மாற்றிக்கொண்டிருந்தேன். போன் அறையில் அடித்துக்கொண்டு இருந்திருக்கும்.

மேனேஜர் எங்கள் இருவர் முன்னாலும் அக்காவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். மறுமுனையில் குக்கர் விசில் மட்டும் கேட்டது. "சரி சார், நாளைக்கு வாரேன்" என்றார். அவ்வளவுதான்.

டாக்டருக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். விவசாயியிடமும் மகளிடமும் போய் அவரே தன் தவறைச் சொன்னார். எனக்கு ஒரு மெமோ. நான் ஒன்று கேட்டுக்கொண்டேன்: இனிமேல் நான் எதை மாற்றினாலும் அந்தப் பதிவு அன்றைக்கன்றே தலைமை மருத்துவருக்கும் மெயிலில் போக வேண்டும், அதை நிறுத்தும் அதிகாரம் எனக்கு இருக்கக்கூடாது. மேனேஜர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சரி என்றார்.

புதன்கிழமை கந்தர்வக்கோட்டைக்குப் போனேன். டிக் திரும்ப வந்ததிலிருந்து ஆளாளுக்கு அவசரமாக ஏதோ ஒன்றைப் போட்டு உள்ளே போயிருந்தார்கள். இனி போனில் சொல்லி மாற்ற வைப்பதில்லை, நேரில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் மாற்ற வைப்பது என்று. அவரவருக்கு மட்டும் தெரிந்த இரண்டு மூன்று சொற்களைக் கோத்துக்கொண்டால் மறக்காது என்று சொல்லிக்கொடுத்தேன். மருந்துக் கவுன்டர் பையன்கள், லேப் பெண், சுத்தம் செய்பவர்களின் மேஸ்திரி, எல்லோரும் வந்தார்கள். அக்கா கடைசியாக வந்தார். வந்து உட்கார்ந்ததும் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

"வெள்ளிக்கெழமையே ஒனக்குத் தெரியுமாம்ல?"

"தெரியும்க்கா."

"அப்ப சனிக்கெழம நான் போன் பண்ணப்ப?"

"அப்பவும் தெரியும்."

ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பயந்துட்டியாக்கும்."

"ஆமாக்கா."

"நானும்தான் பயந்தேன். ஒனக்காவது நடந்தது என்னன்னு தெரியும். எனக்கு என்ன தெரியும்? நாந்தான் கைதவறி எதையாச்சும் அமுக்கிட்டேனோன்னு மூணு நாளும் என்னையவே சந்தேகப்பட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பஞ்சைக் குப்பைக்கூடையில் போட்டார்.

"எங்க அடிக்கணும்? இதுலயா? அங்கிட்டுத் திரும்பு."

திரும்பிக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு டி.வி.எஸ். ஐம்பதில் இரண்டு பேர் ஒரு பாட்டியை நடுவில் வைத்துக் கூட்டிவந்துகொண்டிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் ஒற்றை விரலால் தட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது. இரண்டு தடவையும் ஒன்றுபோல் இல்லை என்று திரை சொல்லியிருக்க வேண்டும், "சனியன்" என்றார். மறுபடி தட்டினார். பிறகு, "போயிருச்சு. வெளிய போயி அடுத்த ஆள வரச் சொல்லு, நேரமாச்சு" என்றார். அடுத்த ஆள் என்றால் நோயாளி.

அதன்பின் அவர் என்னிடம் வேலை விஷயம் மட்டும் பேசினார். கோபமாக இல்லை, ஆனால் 'ஏம்மா' போய் 'மேடம்' வந்துவிட்டது. ஒரு வருடம் போல ஆனபின் அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறு வேலை கிடைத்து இங்கிருந்து நின்றுகொண்டார். அந்த மூன்று நாளுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் போகும்போது சில நாள் கேட்டுக்கொள்வேன், எனக்குள்ளேயே.

கடைசி நாள் ஐ.டி. அட்டையைத் திருப்பித் தர என் அறைக்கு வந்தார்.

"என் பேரு இனிமே இதுல இருக்காதுல்ல?"

"இருக்கும்க்கா. நீங்க எழுதுன குறிப்புக்கெல்லாம் கீழ அப்படியே இருக்கும். அந்தப் பேர்ல யாரும் உள்ள வர முடியாம பூட்டி வச்சிருவேன்."

"நீ?"

"நான் தொறக்கலாம். தொறந்தா அன்னைக்கே பெரிய டாக்டருக்குத் தெரிஞ்சிரும்."

கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி என் மேசையில் வைத்தார்.

"அப்பச் சரி. என் கண்ணு முன்னாடியே பூட்டு."

இன்னொரு நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டேன். அவர் உட்காரவில்லை, என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். பெயரைத் தேடி எடுத்தேன், பூட்டினேன், பூட்டியது பதிவில் ஏறியதைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டார்.

"வாரேம்மா. பஸ்ஸு போயிரும்."

அவர் போன பிறகும் நான் அந்தப் பக்கத்தை மூடவில்லை. பூட்டியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது.